புதுப்பித்த சர்வோ டிரைவ்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் சிஎன்சி லேத்தின் (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரம்) சர்வோ டிரைவ், அதாவது அதன் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, புகைந்து போனது. அந்த மாடல் இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்பதால் புதுப்பித்தது ஒன்றை வாங்கினேன். வந்ததும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். என் பழக்கம் அது. டிசி பஸ் கெப்பாசிட்டர்கள் (உள்ளே மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்குபவை) புதியவை, சால்டரிங் சுத்தம். ஃபேன் மட்டும் பழசு. துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். விரலால் சுற்றினால் பேரிங் கரகரத்தது. கேட்டதும் வேறு அனுப்பினார்கள், சரி. டெஸ்ட் ரிப்போர்ட்டில் லோடு கொடுத்து ஓட்டிய விவரமே இல்லை, வெறும் 'ஓகே' முத்திரை. பழைய டிரைவின் பாராமீட்டர்களை (மோட்டாருக்கேற்ற செட்டிங் மதிப்புகளை) நான் முன்பே எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். எட்டு மாதமாக இரண்டு ஷிப்டும் ஓடுகிறது. அலாரம் ஒரே முறை, அதுவும் என்கோடர் (மோட்டார் சுழலும் நிலையைச் சொல்லும் சென்சார்) கேபிள் லூசாக இருந்ததால். அடுத்ததையும் இவர்களிடமே வாங்குவேன். ஃபேனை மட்டும் நானே மாற்றிக்கொள்வேன்.