உணவுக்குழாய்ப் புற்றுநோய்: அறுவைக்கு முன் கதிர்வீச்சா, மருந்து மட்டுமா?

உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தோன்றும் அடினோகார்சினோமாவுக்கு (சுரப்பிச் செல்களில் உருவாகும் புற்றுநோய்), அறுவை சிகிச்சைக்கு முன் 41.4 கிரே (கதிர்வீச்சின் அளவை அலகு) கதிர்வீச்சை 23 தவணைகளாகவும் கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் மருந்துகளை வாரம் ஒருமுறையும் ஐந்து வாரங்கள் தரும் முறையை, நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு 2012-இல் நிலைநாட்டியது. இதற்கு மாற்றான, மருந்து மட்டுமே தரும் ஃபிளாட் (FLOT) முறையில் கதிர்வீச்சே இல்லை. நான்கு மருந்துகள் இரு வாரங்களுக்கு ஒருமுறை, அறுவைக்கு முன் நான்கு சுற்றும் பின் நான்கு சுற்றுமாக ஏற்றப்படுகின்றன, அவற்றுள் ஃபுளோரோயுராசில் 24 மணி நேரம் தொடர்ந்து இறங்க வேண்டும்.

ஜெர்மனியில் 438 பேரிடம் இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட எசோபெக் ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் உயிருடன் இருந்த காலம்) ஃபிளாட் பிரிவில் 66 மாதங்கள், கிராஸ் பிரிவில் 37 மாதங்கள். கதிர்வீச்சு கட்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே தாக்க, முழு அளவு மருந்தோ உடலெங்கும் ஏற்கெனவே சிதறிய நுண்கட்டிகளையும் எட்டுகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. உடல் தாங்குமெனில் ஃபிளாட்டையே முதலில் பரிசீலிக்க வேண்டும். தளர்ந்த முதியவர்களுக்கு அது கடுமையானது.

ஆனால் இந்தியாவில் அதிகம் காணப்படும் செதிள் செல் வகை (உணவுக்குழாயின் உட்பரப்பை மூடியுள்ள தட்டையான செல்களில் தோன்றுவது) எசோபெக்கில் சேர்க்கப்படவே இல்லை. கிராஸ் ஆய்வில் அவ்வகையினருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, அறுத்தெடுத்த திசுவில் புற்றுச் செல்லே மிஞ்சியிருக்கவில்லை. அவர்களுக்குக் கதிர்வீச்சைக் கைவிட எசோபெக் காரணமாகாது.