பிரிப்பதா, வைத்துக்கொள்வதா, மொத்தமாக விற்பதா: கேபிள் சேனல்களின் கணக்கு

கேபிள் சேனல்களைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிடுவதா, கூடவே வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கே விற்றுவிடுவதா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் மூன்று பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்கள் அண்மையில் வெவ்வேறு விடைகளைத் தேடின. காம்காஸ்ட் பிரித்தது, டிஸ்னி யோசித்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டது, வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பிரிக்கப் புறப்பட்டு, பாதி வழியில் விலை பேசும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பிரிப்பது நல்லதா என்று கேட்பதற்கு முன்பே வேறு இரண்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. வெளியே போகும் கூட்டத்தை முன்னின்று இழுத்துச் செல்லும் சேனல் எது? கடன் யார் தலையில் ஏறுகிறது?

முதல் கேள்வியைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் கேபிள் நடத்தும் எனக்குப் பழக்கமான ஒருவர், சந்தா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஒருமுறை சொன்னார்: "சன், விஜய், ஜீ தமிழ் மூணும் வந்தா போதும்னுதான் சார் கேக்கறாங்க. மத்ததெல்லாம் பேக்கேஜ்ல கூடவே வரது." தொழிலின் அடிப்படையே இதுதான். பொக்கே எனப்படும் சேனல் தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலுக்கு 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு விதித்திருப்பதும், யாரும் தேடாத சேனல்கள் முன்னணிச் சேனலின் தோளில் ஏறி வீட்டுக்குள் நுழைவதால்தான் பொருள்படுகிறது. அமெரிக்காவிலும் சேனலுக்கு வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது: ஒவ்வொரு சந்தாதாரருக்கும் கேபிள் நிறுவனம் மாதந்தோறும் தரும் கட்டணம் ஒன்று, விளம்பரம் மற்றொன்று. கட்டணத்தைப் பேசி வாங்கும் பலம் முன்னணிச் சேனலிடம்தான் இருக்கிறது. அந்தப் பலமும் இப்போது தேய்ந்து வருகிறது. 2023-இல் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்துக்கும் டிஸ்னிக்கும் தகராறு வந்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வீடுகளில் பத்து நாட்களுக்கு மேல் டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன் தெரியவில்லை. சமரசம் ஏற்பட்டபோது டிஸ்னியின் எட்டுச் சிறு சேனல்களைச் சார்ட்டர் கழற்றிவிட்டது. இஎஸ்பிஎன் கையில் இருந்தும் இந்த நிலை என்றால், அப்படி ஒன்று இல்லாமல் வெளியே போகும் சேனல்களின் பேரம் எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு வார்னரைப் போன்ற பாடம் வேறில்லை. ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து வார்னர் மீடியா பிரிந்து, 2022 ஏப்ரலில் டிஸ்கவரியோடு இணைந்தபோது, புதிய நிறுவனம் சுமார் 5,500 கோடி டாலர் கடனோடுதான் பிறந்தது. கடனை அடைக்கப் பணம் தந்தவை சரிந்துகொண்டிருந்த கேபிள் சேனல்களே. அந்தச் சேனல்களின் மதிப்பில் 910 கோடி டாலரை 2024 ஆகஸ்டில் கணக்கிலிருந்து கழிக்க நேர்ந்தது. டிஎன்டி சேனலின் முதுகெலும்பாக இருந்த என்பிஏ கூடைப்பந்து உரிமையும் கைவிட்டுப் போனது. 2025 ஜூனில் பிரிவினைத் திட்டம் வந்தபோது ஸ்டுடியோவும் எச்பிஓ மேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையும் ஒரு பக்கமும், சிஎன்என், டிஎன்டி, டிஸ்கவரி முதலியவை மறுபக்கமும் என்று பிரித்தார்கள். கடனில் பெரும்பகுதி சேனல்களின் பக்கம் போகும் என்றும் அறிவித்தார்கள். ஈடாக, ஸ்டுடியோ நிறுவனத்தில் 20 சதவீதம் வரையிலான பங்கைச் சேனல் நிறுவனம் வைத்திருந்து, அதை விற்றுக் கடனைக் குறைக்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. வளரும் தொழிலைச் சுமையில்லாமல் அனுப்பிவிட்டு, தேயும் தொழிலைக் கடனோடு நிறுத்துவது பங்குச் சந்தைக்குப் பிடித்த கணக்காக இருக்கலாம். செய்தி சேகரிக்க ஆள் வைத்துச் செலவு செய்ய வேண்டிய சிஎன்என் போன்ற ஒரு சேனலுக்கு அது நல்ல கணக்கு அல்ல என்பது என் எண்ணம்.

இந்தத் திட்டம் நிறைவேறும் முன்பே விலை பேச்சு தொடங்கியது. சேனல்கள் பிரிந்த பிறகு எஞ்சும் பகுதிக்குப் பங்கு ஒன்றுக்கு 27.75 டாலர் தர 2025 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டது. முழு நிறுவனத்துக்கும் 30 டாலர் தருகிறேன் என்று பாரமவுண்ட் ஸ்கைடான்ஸ் எதிரில் வந்து நின்றது. நிபந்தனைகளின் நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பங்குதாரருக்கு முன்னிருந்த வினா ஒன்றே: தனியாகக் கைக்கு வரப்போகும் சேனல் பங்கு 2.25 டாலருக்கு மேல் பெறுமா, பெறாதா? இந்த விலைக் கேட்புகள் பின்னர் மாறின என்றாலும், ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தையே தாங்கிய சேனல்களின் மதிப்பு இவ்வளவு சிறிய தொகையைச் சுற்றிய வாக்குவாதமாகச் சுருங்கியதை அந்த முதல் ஒப்பீடே காட்டிவிட்டது.

டிஸ்னியின் வழி வேறு. மரபுத் தொலைக்காட்சி தங்களுக்கு மையத் தொழிலாக இல்லாமல் போகலாம் என்று அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் 2023 ஜூலையில் சொன்னபோது டிஸ்னியின் ஏபிசி சேனல் விற்பனைக்கு வருகிறது என்றே பலரும் நினைத்தார்கள். பிரிப்பதால் வரும் சிக்கலும் செலவும் ஆதாயத்தை விழுங்கிவிடும் என்ற முடிவுக்கு நிறுவனம் பிறகு வந்தது. ஏபிசியிலும் எஃப்எக்ஸிலும் வரும் தொடர்கள்தான் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் சேவையான ஹுலுவுக்குச் சரக்கு. பிரித்துவிட்டால் அதே சரக்கை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இஎஸ்பிஎன் 2025 ஆகஸ்டில் மாதம் 29.99 டாலருக்கு நேரடிச் செயலியாகவும் வந்துவிட்டதால், அங்கே சேனல் எங்கே முடிகிறது, ஸ்ட்ரீமிங் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பதே கடினம்.

நம் ஊர் நிலவரமும் இதற்கு நெருக்கமானதே. சன் டிவி நெட்வொர்க்கில் சேனல்கள், சன் நெக்ஸ்ட் செயலி, சன் பிக்சர்ஸ், சன்ரைசர்ஸ் அணி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எடுத்த படம் தியேட்டரை விட்டு இறங்கியதும் சொந்தச் சேனலுக்கும், பல நேரங்களில் சொந்தச் செயலிக்கும் போய்விடுகிறது. அதைப் பிரிக்க எவரும் காரணம் சொல்ல முடியாது. பிரிப்பு என்றால் பங்குதாரருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஐடிசி நல்ல உதாரணம்: 2025-இல் ஓட்டல் தொழில் தனியானபோது, பத்து ஐடிசி பங்கு வைத்திருந்தவரின் டீமேட் கணக்கில் ஒரு ஐடிசி ஓட்டல்ஸ் பங்கு வந்து சேர்ந்தது. விற்பனை நடக்காததால் அந்த வேளையில் வரியும் இல்லை. அமெரிக்க நிறுவனங்கள் விற்பதைவிடப் பிரிப்பதை விரும்புவதற்கும் இதுவே பெரிய காரணம்.

அந்த வகையில் காம்காஸ்ட் செய்ததுதான் மூன்றிலும் நேர்மையான பிரிவினை என்பேன். 2024 நவம்பரில் அறிவித்து, 2026 ஜனவரித் தொடக்கத்தில் முடித்தது. யுஎஸ்ஏ நெட்வொர்க், சிஎன்பிசி, எம்எஸ் நவ் என்று பெயர் மாறிய எம்எஸ்என்பிசி, கோல்ஃப் சேனல், சைஃபை, ஈ!, ஆக்சிஜன் ஆகியவை வெர்சன்ட் என்ற நிறுவனமாயின. 25 காம்காஸ்ட் பங்குக்கு ஒரு வெர்சன்ட் பங்கு. ஆண்டு வருவாய் சுமார் 700 கோடி டாலர். தாய் நிறுவனத்தின் 12,000 கோடிக்கு மேற்பட்ட வருவாயில் அது சிறு பகுதிதான். கடன் லேசாகவே வைக்கப்பட்டது. முதல் நாளிலேயே பங்கு விலை பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்ததை வைத்து அதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. காம்காஸ்டுக்காகப் பங்கு வாங்கியிருந்த குறியீட்டு நிதிகள் (இண்டெக்ஸ் ஃபண்டுகள்), தங்கள் பட்டியலில் இல்லாத இந்தச் சிறு பங்கை விற்றே ஆக வேண்டும். எனக்குள்ள சந்தேகம், முன்னின்று இழுக்கும் சேனல் எது என்ற முதல் கேள்வியைப் பற்றியதுதான். தன் முன்னணிச் சேனலான என்பிசியையும், தன் ஸ்ட்ரீமிங் சேவையான பீகாக்குக்குத் தொடர்கள் தரும் பிராவோவையும் காம்காஸ்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. இதுவரை ஒலிம்பிக்ஸும் அமெரிக்கக் கால்பந்தும் கையில் இருந்த என்பிசியோடு சேர்ந்து உட்கார்ந்து பேசிய சேனல்கள், கேபிள் ஒப்பந்தங்கள் காலாவதியாகும்போது தனியாகப் போய் உட்கார வேண்டும். எம்எஸ் நவ்வையும் யுஎஸ்ஏவின் விளையாட்டு ஒளிபரப்பையும் மட்டும் காட்டி அவை எவ்வளவு கட்டணம் வாங்குகின்றன என்பது முதல் சுற்றுப் புதுப்பித்தலில் தெரிந்துவிடும்.