ரைசன் 9 7950எக்ஸ்: ஈகோ மோடில் ஓட்ட வேண்டிய சிப்

ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குக் காற்றோட்டக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். அந்தக் கணக்கைப் போடும் ஓபன்ஃபோம் என்ற மென்பொருள் ராத்திரி முழுக்க ஓடும். அதற்காக வண்ணார்பேட்டை அலுவலகத்தில் வைத்திருப்பது ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் போட்ட கணினி. 2022 செப்டம்பரில் வந்த சிப், 16 கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் 16 பகுதிகள். கூலர் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும்.

வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வந்த அமைப்பிலேயே விட்டால் 230 வாட் வரை இழுக்கும். முழு வேலை கொடுத்தால் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கும். அந்தச் சூட்டைத் தாங்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள், சிப்புக்கு ஆபத்து இல்லை. சரி, அறைக்கு? நம்மூர் சித்திரை வெயிலோடு இந்த அனலும் சேர்ந்தால் ஏசி ஓயவே ஓயாது. கணக்குப் போடவும் கரண்ட், அந்தச் சூட்டை வெளியே தள்ளவும் கரண்ட்.

கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில், மின்செலவைக் குறைக்கும் ஈகோ மோட் இருக்கிறது. 105 வாட் நிலையில் வைத்தால் உச்சம் 142 வாட், 65 நிலையில் 88 வாட்தான். நான் 65இல் ஓட்டுகிறேன். காலையில் அலுவலகம் திறக்கும்போது கணக்கு முடிந்திருக்கிறது, முன்பு போலவே. கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

காரணம் இருக்கிறது. உச்ச வேகத்தின் கடைசிக் கொஞ்சத்தை எட்ட மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதைவிடப் பெரிய விஷயம், ஓபன்ஃபோம் கணக்குகள் நினைவகத்தின் வேகத்தை நம்பியவை. இந்த சிப்புக்கு நினைவகத்திலிருந்து தரவு வரும் வழி இரண்டே டிடிஆர்5 சேனல். தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறவர்கள் மாதிரி 16 கோரும் தரவுக்குக் காத்து நிற்கின்றன. காத்து நிற்கிற கோருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எதற்கு?

பெரிய இடங்களிலும் இதைச் செய்கிறார்கள். எடின்பரோவின் ஆர்ச்சர்2 சூப்பர் கம்ப்யூட்டரில் 2022 டிசம்பரில் இயல்பு வேகத்தை 2.25 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.0 ஆக இறக்கினார்கள். அதனால் அதிகம் மந்தமாகும் நிரல்களைப் பழைய வேகத்திலேயே ஓட்ட வழியும் வைத்தார்கள். அந்த அணுகுமுறை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏஎம்டியும் ஈகோ மோடையே இயல்பாக வைத்து, வேண்டுகிறவர்கள் ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்க வேண்டும். இப்போது இருப்பது தலைகீழ்.

பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் ரெண்டர் போடுகிறவர்களுக்கு 65 நிலையில் வேகம் நன்றாகவே குறையும், அந்த வேலை கோரையே நம்பியது. அவர்கள் 105இல் வைத்துக்கொள்ளலாம். பல மதர்போர்டுகளில் இந்த அமைப்பு பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற பகுதிக்குள் இருக்கும், அங்கே தேடுங்கள்.