ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்குற ஊர்ல ரெண்டு நாள் தன்னம்பிக்கை ஒர்க்‌ஷாப், காசு கட்டி போய்ட்டு வந்த என்னோட ரிவ்யூ

ரேட்டிங்க மொதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3. சனிக்கிழமைக்கு 1, ஞாயித்துக்கிழமைக்கு 5, கூட்டி ரெண்டால வகுத்தா 3. சாப்பாட்ட இதுல சேக்கல, சேத்தா இன்னும் இறங்கும், அந்தக் கதை கீழ வருது. நடத்துனவங்க பேர் போடல, ஏன்னா அங்க ஒரு மேடம் நெஜமாவே நல்லா எடுத்தாங்க, மத்தவங்க பண்ணுன கூத்துக்கு அவங்க பேர் கெட வேணாம்.

நான் ஏன் போனேன்னா, எனக்கு ஊரு பாம்பன், அப்பா நாட்டுப்படகு, நான் இன்ஜினியரிங் முடிச்சிட்டு சென்னை கம்பெனி ஒண்ணுல சாப்ட்வேர் டெஸ்டிங், அஞ்சு வருஷமா, அதுல மூணு வருஷம் வீட்ல இருந்தே வேலை. ஜனவரில டீம் லீட் ஆக்குனாங்க. அன்னைல இருந்து தூக்கம் போச்சு. என்னமோ தப்பா என்னைய எடுத்துட்டாங்க, இன்னைக்கி இல்லாட்டி நாளைக்கி கண்டுபுடிச்சி அனுப்பிருவாங்க அப்டின்னே ஓடும். கிளையன்ட் கால் இருந்தா பேசப்போறத முழுசா நோட்ல எழுதி வச்சிக்கிட்டு மைக்க ஆன் பண்ணுவேன், ஹலோ கூட எழுதிருப்பேன், சிரிக்காதீங்க. யாராச்சும் நல்லா பண்ணிருக்கேன்னு சொன்னா சந்தோஷம் வராது, ஐயோ இவங்களயும் ஏமாத்திட்டோமேன்னு வரும். இதுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்னு பேர்னு ரீல்ஸ்ல பாத்துதான் தெரியும், நம்ம பாஷைல சொன்னா வேஷம் கலைஞ்சிருமோங்குற பயம். அந்த நேரத்துல வாட்சப் குரூப்ல இந்த நோட்டீஸ் வந்துச்சு. மண்டபம் பக்கம் ஒரு ரிசார்ட்ல, சனி ஞாயிறு, 2,800 ரூபா, மதிய சாப்பாட்டோட. கட்டிட்டேன்.

போனது ஜூன் மொத வாரம். தென்கடல் பக்கம் கச்சான் காத்து அடிச்சி நொறுக்குது, வடகடல் கொளம் மாதிரி கெடக்கு, ஹால் வடகடல் பக்கம்ங்கறதால காத்து சத்தம் இல்லாம நல்லாருந்துச்சு. மொத்தம் 22 பேர். புதுசா ஹெச்.எம். ஆன ஒரு வாத்தியார் சார், ஏர்வாடி பக்கத்து நர்ஸ் அக்கா ஒருத்தங்க, பேங்க்ல ரெண்டு பேரு, மிச்சம் எல்லாம் என்னைய மாதிரி வீட்ல லேப்டாப்போட உக்காந்துருக்கறவங்க.

சனிக்கிழமை பூரா ஒரு டிரெய்னர் சார். கையில ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிய குடுத்து மூஞ்சிய பாத்து "நான் தகுதியானவன்"னு 21 தடவ சொல்லச் சொன்னாரு. நான் தகுதியானவளான்னு சந்தேகப்பட்டுத்தான வந்துருக்கேன், கண்ணாடில பாத்தா அந்த சந்தேகப்படுற மூஞ்சிதான தெரியும்? பக்கத்துல நர்ஸ் அக்கா ஏழாவது தடவைலயே கண்ணாடிய வச்சி பொட்ட சரி பண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

அப்பறம் கலாம். எங்க பக்கம் எவன் மைக்க புடிச்சாலும் அஞ்சு நிமிஷத்துல கலாம் வந்துருவாரு, கல்யாண வீட்லயும் வருவாரு, கட வாசல் தெறப்புலயும் வருவாரு, குத்தம் சொல்லல, நம்ம ஊர்க்காரரு. ஆனா இவரு எஸ்.எல்.வி. 3 கதைய சொன்ன விதம்தான் எனக்கு ஒத்துக்கல. 1979 ஆகஸ்ட்ல விட்ட ராக்கெட் கடல்ல விழுந்துச்சு, கலாம் மனச தளர விடல, 1980 ஜூலைல ஜெயிச்சாரு, ஆகவே நீங்களும் தளராதீங்க, அம்புட்டுதான். ஆனா கலாமே பல மேடைல சொன்ன கதைல முக்கியமான ஆளு சதீஷ் தவான், அன்னைக்கி இஸ்ரோ தலைவர். விழுந்த அன்னைக்கி பத்திரிக்கைக்காரங்க முன்னாடி தவான் தானே போய் உக்காந்து பொறுப்ப ஏத்துக்கிட்டாரு, அடுத்த வருஷம் ஜெயிச்சப்ப கலாம கூப்ட்டு நீ போய் பேசுன்னு அனுப்புனாரு. அப்டி ஒரு மேலதிகாரி இருந்தா நான் எதுக்கு 2,800 கட்டி இங்க வரப்போறேன்? என் மேனேஜர், சாப்ட்வேர்ல பக் (தப்பு) ஒண்ணு லைவ்ல போயிட்டா கால்ல எல்லார் முன்னாடியும் "இத அப்ரூவ் பண்ணது யாரு"ன்னு கேப்பாரு, ஒழுங்கா போனா "நம்ம டீம்" அப்டிம்பாரு. இத எந்திரிச்சி கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. கேக்க முடிஞ்சா அந்த கிளாஸ்லயே இருந்துருக்க மாட்டேன்.

இப்ப சாப்பாடு. போர்டுல வஞ்சிரம் வறுவல்னு எழுதிருந்துச்சு. தட்டுல வந்தது பாசா. வஞ்சிரம்னா துண்டு வட்டமா இருக்கும், நடுவுல முள்ளு, ஓரத்துல தோலு, சதை கெட்டியா பிரியும். இது முள்ளும் இல்ல தோலும் இல்ல, வெள்ளையா சொதசொதன்னு, மசாலாவ சுரண்டுனா பல்லுல ஒட்டுது. தடைக்காலம், மீன் வெலை ஏறிக் கெடக்கும்னு தெரியும், ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் விசைப்படகு போகாது. ஆனா நாட்டுப்படகு போகுதே, நெத்திலியோ சூடையோ வாங்கி பொரிச்சி போட வேண்டியதுதான. ஜன்னல்ல கடலு, தட்டுல ஐஸ் பொட்டில வந்த வளப்பு மீனு. பரிமாறுன தம்பிகிட்ட "இது வஞ்சிரம் இல்ல தம்பி, பாசா"ன்னேன். "இல்லக்கா வஞ்சிரந்தான்"னான். "மொழுமொழுன்னு இருக்குல்ல, முள்ளு எங்க? போய் கேட்டுட்டு வா"ன்னேன். போய்ட்டு வந்து தலைய சொறிஞ்சான். அந்த ஹால்லயே நெஜமா வேஷம் போட்டுக்கிட்டு இருந்தது அந்த மீன் ஒண்ணுதான்.

ஞாயித்துக்கிழமை மதுரைல இருந்து ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம். கண்ணாடி இல்ல, பாட்டு இல்ல. மொதல்ல சொன்னதே, இது வியாதி கெடையாது, மனநல டாக்டருங்க வச்சிருக்குற நோய் பட்டியல்ல இது இல்ல, அதனால எனக்கு சிண்ட்ரோம் வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டு திரியாதீங்க. 1978ல அமெரிக்காவுல பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் எழுதுன கட்டுரைலதான் இது மொதல்ல வருதாம், 150க்கு மேல நல்லா படிச்சி நல்ல வேலைல இருந்த பொம்பளைங்கள வச்சி. அவங்க சிண்ட்ரோம்னு சொல்லவே இல்ல, அப்டி ஒரு அனுபவம்னுதான் சொன்னாங்க, ஆம்பளைங்களுக்கும் இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சிருக்கு. (ஹெச்.எம். சார் இத கேட்டு ஒரு பெருமூச்சு விட்டாரு பாருங்க.)

கிளான்ஸ் அப்பறமா உண்டாக்குன ஒரு கேள்வித்தாள குடுத்தாங்க, 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும், மொத்தம் 100. 60 தாண்டுனா இந்த நெனப்பு அடிக்கடி வருதுன்னு அர்த்தம், 80 தாண்டுனா ரொம்ப முத்திப்போச்சு. எனக்கு 74. நர்ஸ் அக்காவுக்கு 81, பேப்பர மடிச்சி பைல வச்சிட்டாங்க.

அதுக்கப்பறம் போர்டுல ஒரு வட்டம் போட்டாங்க. வேலை வருது, பயம் வருது, ஒண்ணு ராப்பகலா அளவுக்கு மீறி உழைக்கிறது இல்லாட்டி தள்ளிப்போட்டு கடைசி நேரத்துல அடிச்சி முடிக்கிறது, வேலை நல்லா முடியுது, ரெண்டு நாள் நிம்மதி. ஆனா உழைச்சி முடிச்சவன் "உழைப்புனால வந்துச்சு, தெறமைனால இல்ல"ம்பான், கடைசி நேரத்துல முடிச்சவன் "அதிர்ஷ்டம்"ம்பான். ரெண்டு பேரும் தன் கணக்குல வரவு வைக்க மாட்டான், அதனால அடுத்த வேலைக்கி திரும்ப அதே பயம். ராத்திரி 2 மணி வரைக்கும் ரிப்போர்ட்ட நாலு தடவ சரி பாத்துக்கிட்டு இருக்குற என் மூஞ்சி அந்த வட்டத்துக்குள்ள அப்டியே தெரிஞ்சிச்சு, முந்தின நாள் குடுத்த கண்ணாடிய விட.

அப்பறம் "உங்களுக்கு ஓசில வந்துச்சுன்னு நெனைக்கிறத எழுதுங்க"ன்னாங்க. நான் மொத வரில முதல் பட்டதாரின்னு எழுதுனேன். காலேஜ்ல அத வச்சி பசங்க ஓட்டுவாய்ங்க, எனக்குள்ளயும் நாம சலுகைல உள்ள வந்தவதானன்னு ஒரு முள்ளு உண்டு. மேடம் படிச்சிட்டு கேட்டாங்க, "ஏம்மா, அது உனக்கு பீஸ்ல கழிச்சாங்களா, மார்க்குல கூட்டுனாங்களா?" பீஸ்லதான் மேடம்னேன். "அப்ப கட்-ஆப் யாரு எடுத்தா?" நான் பதில் சொல்லல, கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஏசி வேற ஜாஸ்தி.

சாயங்காலமா மீன் மேட்டர் அவங்க காதுக்கு போயிருக்கும் போல, டீ குடிக்கிறப்ப கேட்டாங்க, அத எப்டி அம்புட்டு உறுதியா சொன்னன்னு. பாத்தா தெரியுமே மேடம், சின்னப் புள்ளைல இருந்து எங்கம்மா கூட ஏலத்துல உக்காந்துருக்கேன்னேன். "வேலைல பாத்தவொடனே தெரியிறது என்ன?"ன்னாங்க. யோசிச்சிப் பாத்து ஒண்ணு சொன்னேன், போன மாசம் பில்லு ஸ்கிரீன் ஒண்ணு, மூணு லைன் 33.33, கீழ மொத்தம் 100.00ன்னு நிக்கிது, 99.99தான வரணும், மூணு பேரு பாத்து ஓகே பண்ணது, எனக்கு தெறந்தவொடனே கண்ண உறுத்துச்சு. ஆனா அதெல்லாம் ஒரு வெஷயமா மேடம், சும்மா கண்ணுல பட்டதுதானன்னேன். அவங்க சொன்னாங்க, கஷ்டப்பட்டு வந்தா கஷ்டத்துக்கு குடுத்துருவ, ஈசியா வந்தா அது ஒரு வெஷயமே இல்லம்ப, அப்ப உனக்குன்னு எதத்தான் எடுத்துக்குவ? மீனுல மட்டும் எடுத்துக்கிட்டல்ல?

இந்த ஒரு டீக்கு 2,800 குடுக்கலாம்.

கொறைன்னு பாத்தா, மேலதிகாரி சரி இல்லாட்டி என்ன பண்றதுன்னு மேடமும் பத்து நிமிஷம்தான் பேசுனாங்க. தெரியாதத தெரியாதுன்னு கேளு, கேட்டதுக்கு ஒருத்தன் சிரிச்சான்னா அது உன் மனசுல உள்ள கோளாறு இல்ல, அந்த எடத்துல உள்ள கோளாறுன்னாங்க. அத ஒரு மணி நேரம் பேசிருக்கணும், சனிக்கிழமைய வெட்டிட்டு. ஹால்ல பாதி பேரோட பிரச்சன அதுதான். நர்ஸ் அக்காவுக்கு புது வார்டுல மிஷின காட்டிக் குடுக்கவே ஆள் இல்லயாம், அவங்களுக்கு தன்னம்பிக்கை கிளாஸ் எதுக்கு, மிஷின காட்டிக் குடுத்தா போதாதா?

போற வழி: ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போற பஸ்ல ஏறுனா உச்சிப்புளி தாண்டி மண்டபம், எறங்கி ஆட்டோ. பார்க்கிங் நெறய இருக்கு. பாத்ரூம் சுத்தம். சர்டிபிகேட்ல என் இனிஷியல தப்பா போட்டு குடுத்தாங்க, அத நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன், நல்லா இருக்கட்டும்.

வீட்ல அப்பாகிட்ட பாசா கதைய சொன்னப்ப வலையக் கூட கீழ வைக்காம சிரிச்சாரு. திங்கக்கெழம கிளையன்ட் கால், இப்பயும் எழுதி வச்சித்தான் பேசுனேன், ஆனா அரப்பக்கம், ஹலோ எழுதல. அந்தக் கேள்வித்தாள போன வாரம் திரும்ப போட்டுப் பாத்தேன், 66.

இப்ப லெவல் 2ன்னு ஒண்ணு போடுறாங்களாம், 6,500 ரூபா, போன்ல கூப்ட்டாங்க. மேடம் வருவாங்களான்னு கேட்டேன், கன்பார்ம் இல்லன்னாங்க. மதியம் என்ன மீனுன்னு கேட்டேன், கேட்டு சொல்றோம்னாங்க, இன்னும் வரல.