பேஸ் நெக் மாற்றும்போது: அகலமா, நீளமா?

ஃபெண்டர் நிறுவனத்தின் பிரெசிஷன் பேஸ் கிட்டார் வைத்திருப்பவர் "கை எட்டவில்லை" என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் நெக்கை (கம்பிகளை அழுத்தும் கழுத்துப் பகுதி) போட்டுக்கொள். மாட்டுவதும் எளிதுதான். ஃபெண்டரின் இந்த இரண்டு மாடலுக்கும் ஸ்கேல் நீளம் (தலைப்பக்க நட்டிலிருந்து பாடியிலுள்ள பிரிட்ஜ் வரை அதிரும் கம்பி) 34 அங்குலம். நெக் உட்காரும் குழியின் அகலமும் ஒன்றே. நட் அருகே இன்றைய பிரெசிஷன் பெரும்பாலும் 41.3 மி.மீ., 1960இல் வந்த ஜாஸ் 38.1 மி.மீ.

கணக்குப் போட்டால் ஆசை குறையும். அந்த 3 மி.மீ.யை நான்கு கம்பிக்கு நடுவிலுள்ள மூன்று இடைவெளிக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1 மி.மீ.தான். உள்ளங்கையில் நெக் மெலிந்ததுபோல் இருக்கும். கட்டைவிரலை மேலே கொண்டுவந்து பிடிப்பவருக்கு அது சுகம். ஆனால் முதல் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நான்காவது வரை விரல் நீள வேண்டிய தூரம் இரண்டிலும் அதே 130 மி.மீ. எட்டாத கைக்கு அகலத்தைக் குறைத்து என்ன பயன்?

நீளத்தைக் குறைக்கலாம், பிரிட்ஜைத் தொடாமலே. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நட்டை வைத்து நெக்கைச் செய்தால் ஸ்கேல் 32.09 அங்குலம். மீதி ஃப்ரெட் ஒவ்வொன்றும் பழைய இடத்திலேயே நிற்கும், எண் மட்டும் ஒன்று குறையும். இரண்டாவது ஃப்ரெட்டில் நட் வைத்தால் 30.29. சரியாக 32, 30 என்று முழு எண்ணில் அடம்பிடிப்பவர்கள்தான் பிரிட்ஜை நகர்த்த வேண்டியிருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை, பாடியில் புதுத் துளை எதற்கு?

32.09இல் அந்த 130 மி.மீ. 122 ஆகும்; 30.29இல் 116. ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) உடம்புக்கு நெருங்குவதால் நெக் கீழே சாய்கிற தொல்லையும் குறையும்.

விலை இல்லாமல் இல்லை. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் 32.09இல் இழுவிசை 11 சதவீதம் குறையும், 30.29இல் 20 சதவீதத்துக்கும் மேல். முதலாவதைச் சமாளிக்கலாம்: ஈ கம்பி 105 தடிமனில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு) போட்ட இடத்தில் 110 போட்டால் பழைய இறுக்கம் ஏறத்தாழத் திரும்பிவிடும். இரண்டாவதுக்கு 118 அளவில் கம்பி தேடி அலைய வேண்டும். மேல் ஃப்ரெட்டுகளும் போகும்: 20 இருந்தது 19, 18 ஆகும். ஃப்ரெட்போர்டை பாடிமேல் நீட்டி ஈடுகட்டலாம்; ஒரு ஃப்ரெட்டுக்கு 15 மி.மீ. நீட்டினால் போதும், இரண்டுக்கு 30. கம்பியை அடித்தும் விரல் நுழைத்துச் சுண்டியும் ஸ்லாப் வாசிப்பவர் அந்த 30 மி.மீ.யை மன்னிக்க மாட்டார், விரல் நுழைய இடமே இருக்காது.

ஆக என் ஓட்டு 32.09க்கு. ஜாஸ் அகலம் வேண்டுமென்றால் அதையும் இதிலேயே கேட்டு வாங்கலாம், ஒன்றுக்கொன்று பகை இல்லை.

மரமா கார்பனா என்ற சண்டை இதற்கு அப்புறம்தான். மாடுலஸ் போன்ற நிறுவனங்கள் செய்த முழு கார்பன் நெக் அசையாது. ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வாக்கில் சுரம் சட்டென்று செத்துப்போகும் தொல்லையும் அதில் குறைவு. ஆனால் விலை கடிக்கும். மேப்பிளுக்குள் இரண்டு கார்பன் தண்டும் இருபக்கமும் வளைக்கக்கூடிய ட்ரஸ் ராடும் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்தண்டு) வைத்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

ஆர்டர் கொடுக்கும்போது நெக்கின் அடிப்பகுதியில் திருகுத் துளை போடாமலே கேளுங்கள். பழைய பாடிகளில் துளைகள் ஒரு மி.மீ. தள்ளி இருப்பது சாதாரணம். வெளிக் கம்பி இரண்டையும் கட்டி, நெக்கின் இரு ஓரத்துக்கும் சம தூரத்தில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே துளையிடுங்கள்.