பள்ளிக்கென்று ஒரு வக்கீல் அலுவலகம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய மெட்ரிக் பள்ளிக்கு நான் தாளாளர். பள்ளி, கல்லூரி வேலைகளையே பெரும்பாலும் எடுத்துச் செய்யும் மதுரை வக்கீல் அலுவலகம் ஒன்றோடு ஆண்டு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு 60,000 ரூபாய். பெயரைக் கேட்காதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, நான் வேறு ஏன் வம்பில் மாட்டிவிட வேண்டும்? அதோடு, திட்டவும் கொஞ்சம் இருக்கிறது.

இந்தத் தொகைக்குப் போனில் ஆலோசனை, வருகிற நோட்டீஸுக்குப் பதில், பணி ஆணை, மெமோ மாதிரிகள், ஊழியர்களுக்கு வருடம் ஒரு வகுப்பு. கோர்ட் படியேறினால் தனி ஃபீஸ்.

முதல் வருடமே எங்கள் கணக்கு டீச்சர் விஷயம் வந்தது. 12 வருடம் வேலை பார்த்துவிட்டு விலகியவர் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி கேட்டார். டிரஸ்டில் இருக்கும் என் சித்தப்பா, "வாத்தியார்களுக்கு கிராஜுவிட்டி கிடையாதும்மா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்னது 2004-ல் வந்த தீர்ப்பை. சீனியர் வக்கீல் பொறுமையாகவே சொன்னார்: "ஐயா, அதுக்கப்புறம் 2009-ல் சட்டத்தையே திருத்திட்டாங்க, 1997 ஏப்ரல் 3-லேருந்து செல்லும். அந்தத் திருத்தம் சரிதான்னு 2022 ஆகஸ்டில் அதே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கேஸ் போட்டா எனக்கு ஃபீஸ், உங்களுக்கு வட்டி." கடைசிச் சம்பளம் 26,000. அதை 26-ஆல் வகுத்து, 15 நாளுக்கு ஆக்கி, 12 வருடத்தால் பெருக்கினால் 1,80,000 ரூபாய். 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள் என்றார், கொடுத்தோம். சித்தப்பா இன்னும் அந்த வக்கீலோடு சரியாகப் பேசுவதில்லை.

டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ் விஷயத்திலும் சுறுசுறுப்புதான். ஃபீஸ் பாக்கி என்றால் டிசியைப் பிடித்துவைப்பது எங்கள் வட்டாரத்தில் ஊரறிந்த பழக்கம். டிசி என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி விவரமும் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், அலுவலகத்திலிருந்து தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. கூடவே பெற்றோருக்கு அனுப்பும் பாக்கிக் கடிதத்தின் மாதிரி. கட்டண நிர்ணயக் குழு போட்ட தொகை ஒரு வரி, வேன் கட்டணம் தனி வரி. எங்கள் அக்கவுண்டன்ட் அதை அப்படியே அச்செடுத்துப் பயன்படுத்துகிறார்.

இவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது போக்சோ வகுப்பு, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் பற்றிய வகுப்பு. வந்தவர் ஒரு இளம் பெண் வக்கீல். டிரைவர், ஆயாம்மா எல்லாரையும் உட்காரச் சொன்னார். திரையில் எதுவும் ஓட்டவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து சொல்லுது. நீங்க யார்கிட்ட சொல்வீங்க?" எல்லாரும் ஹெச்.எம். என்றார்கள். "ஹெச்.எம்.கிட்ட சொல்லுங்க, ஆனா அதோட நிக்கக் கூடாது. போலீஸுக்குத் தகவல் போகணும்." பிரிவு 19 அதைத்தான் சொல்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. 'முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போமே' என்ற பி.டி. மாஸ்டருக்கு, விசாரிப்பது உங்கள் வேலை இல்லை சார் என்று பதில் வந்தது. அன்று மாலை டிரைவர்களே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, குறைகள். பணியாளர் கையேடு என்று ஒன்று தயாரித்துக் கொடுத்தார்கள், அறுபது பக்கம் இருக்கும். புரட்டினால் டெல்லி பள்ளிக் கல்விச் சட்டம் வருகிறது! நாங்கள் இருப்பது தமிழ்நாடு தனியார் பள்ளிகள் சட்டத்தின் கீழ், அதன் விதிகளும் 2023-ல் வந்தாயிற்று. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சுட்டிக்காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் ஆங்கிலத்தில். டிரைவர் எதைப் படித்துக் கையெழுத்துப் போடுவார்? தமிழில் வேண்டுமென்றால் தனிக் காசு என்றார்கள்.

இன்னொன்று, ஜூன் மாதம். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் எங்களுக்கு வக்கீல் தேவை, அப்போதுதான் போன் எடுக்க ஆளில்லை. அங்கீகாரப் புதுப்பித்தல் தொடர்பாக வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் வரைவு, கடைசி நாள் சாயங்காலம்தான் ஜூனியரிடமிருந்து வந்தது. அங்கீகாரத்துக்குத் தேவையான கட்டிட உறுதி, கட்டிட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றும் எப்போது காலாவதியாகும் என்று அவர்களிடமே பட்டியல் இருக்கிறது. கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. அந்தக் காகிதங்களில் சாவகாசம் கூடாது. தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்டியிருக்கலாம்.

ஆனாலும் அடுத்த வருடத்துக்கும் புதுப்பித்துவிட்டோம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் வரைவு, ஊழியர் கையெழுத்திடும் எதுவும் தமிழில், கூடுதல் காசு இல்லாமல். இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன், முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். நர்சரி, பிரைமரி மட்டும் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தொகை அதிகம். நாலைந்து பள்ளிகள் சேர்ந்து கேட்டால் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், போக்சோ வகுப்பை மட்டும் தனியாகவும் எடுக்கிறார்கள்.