ஊசிக்கு ஒரு நொடி, படிவத்துக்கு இரண்டு நாள்

மகளுக்கு 11 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கு எதிரான தடுப்பூசி முகாம் பள்ளியில் நடந்தது, அவளுடன் போய்வந்தேன். இலவசமாகப் போடுகிற ஊசிக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், எழுதலாம்.

என் குறையே அந்தப் படிவம்தான். தடுப்பூசியின் பெயர், தேதி, கையெழுத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற சொல்கூட இல்லை. "உடலுறவால் பரவுற கிருமியாமே, சின்னப் பொண்ணுக்கு எதுக்கு?" என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. இரண்டு நாள் வதந்தி ஓடியது. கிருமி தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு முதலில் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதனால்தான். இதைப் படிவத்திலேயே அச்சடித்திருக்கலாம்.

விளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. பக்கவிளைவுப் பேச்சு கிளம்பியதும் 2013இல் அரசு பரிந்துரையை நிறுத்திவைத்தது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளின் விகிதம் 70 சதவீதம் வரை இருந்தது, 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. ஊசி அதே ஊசிதான்.

முகாமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நர்ஸ் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை, மகளிடம்தான் பேசினார். எந்தப் புற்றுநோய், எந்த இடத்தில் வரும் என்று கூச்சமில்லாமல் சொன்னார். ஒரு தவணை போதுமாம், முன்பு இரண்டு. 2022 கடைசியில்தான் உலக சுகாதார நிறுவனம் ஒன்றும் போதும் என்றது. "எல்லா வகைக் கிருமியையும் இது தடுக்காது. ஊசி போட்டாச்சேன்னு பெரியவளானப்புறம் பரிசோதனையை விட்டுடாதம்மா" என்றார். அப்புறம் மயக்கம் வருகிறதா என்று பார்க்க 15 நிமிடம் உட்காரவைத்தார்கள். யாரும் மயங்கவில்லை, சிரிப்புதான் அடங்கவில்லை.

ராத்திரி கை வலித்தது, காலையில் சரியாகிவிட்டது. "தம்பிக்கு ஏன் போடல?" என்று கேட்டாள். ஆஸ்திரேலியாவில் 2013லிருந்து பையன்களுக்கும் போடுகிறார்கள் என்றேன். காதில் விழுந்ததும் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.